காற்று நோன்பை முறிக்குமா

கல்முனைக்குடியில் இபுறாலெவ்வை ஆக்கிய சோற்றைத் தின்னாமல் வளர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. பிள்ளைக்குச் சுன்னத்துச் செய்கிற கத்னாவோ, கலியாணமோ, இறந்தவருக்கு ஓதும் நாற்பதாம் நாள் கத்தமோ, கிடாரம் அடுப்பில் ஏறினால் பக்கத்தில் அவர் நிற்பார். நெடிய, ஒல்லியான மனிதர். முந்நூறு பேருக்கு ஆக்குகிறவர் தான் தின்பது ஒரு பிள்ளையின் அளவு. அவருக்குத் தெரிந்தவை இரண்டே: உப்பு, நெருப்பு. உப்பை நாக்கின் நுனியால் அறிந்தார். நெருப்பை நெஞ்சால் ஆண்டார். மழையில் நனைந்த விறகைக்கூட ஊதுகுழலை வைத்து மூன்று மூச்சில் பற்ற வைப்பார். நாற்பத்திரண்டு வயது வரையில் அந்த நெஞ்சைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நன்றாக வேலை செய்கிற பொருளைப் பற்றி யார்தான் யோசிக்கிறார்கள்?

ஐம்பத்திரண்டாம் ஆண்டு பாலமுனையில் ஒரு கத்னா வீடு. புகைக்குள் நின்று இருமிய இருமலில் தோளில் கிடந்த துவாய் சிவந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. வெற்றிலை போடுகிறவனின் வாயிலிருந்து சிவப்பாக எது வந்தாலும் அது வெற்றிலைதான் என்பது ஊரின் முடிவு. அவருடைய முடிவும் அதுவாகவே இருந்ததால் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். கண்டுபிடித்தவர் மனைவி சபியா உம்மா. வெற்றிலைக் கறை எத்தனை தோய்த்தாலும் போகாது. இது பச்சைத் தண்ணீரிலேயே போனது. 

ஓதிய தண்ணீர் குடித்தாயிற்று. கழுத்தில் நூல் கட்டியாயிற்று. நாட்டு மருந்துப் பரிசாரி ஒருவர் தந்த கசப்பும் உள்ளே போயிற்று. கடைசியில்தான் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார்கள். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர் செபரட்ணம், இடது நுரையீரலில் ஐந்து சதக் காசளவில் ஓர் ஓட்டை இருப்பதைக் காட்டினார். கசம் என்கிற காசநோய். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சபியா உம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

"காக்கா, காலில புண் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் டொக்டர், எங்கள் ஊரார் அண்ணனை அழைக்கும் சொல்லாலேயே.

"நடக்காம இருப்பன்."

"இது நெஞ்சில வந்திருக்கு. மூச்சு விடாம இருக்க ஏலுமா?"

"ஏலாதே, ஐயா."

"அப்ப அந்த ஒரு பக்கத்த மட்டும் படுக்கப் போடுவம். மற்றப் பக்கம் வேலை செய்யட்டும்."

படுக்கப் போடும் முறை இதுதான். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு ஊசியை இறக்கி, நுரையீரலுக்கு வெளியே, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றை விடுவார்கள். காற்று வெளியிலிருந்து அமுக்க, நுரையீரல் சுருங்கி விழுந்து, ஊதி முடிந்த பலூனைப் போலக் கிடக்கும். அசையாமல் கிடந்தால் ஓட்டை மெல்ல மூடும். மூச்சுக் குறைந்து வந்த மனிதருக்குக் காற்றைக் கொடுத்து, அந்தக் காற்றைக் கொண்டே இருந்த மூச்சிலும் பாதியை நிறுத்துவதுதான் அந்நாளைய வைத்தியம். பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றினாலும் உலகம் முழுவதும் மனிதர்கள் அப்படிப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலுக்கு அருகே தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்கள், ஒரு றப்பர்க் குழாய், பக்கத்தில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். ஊசி சரியான இடத்தில் நின்றால் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் தண்ணீர் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். இபுறாலெவ்வை ஊசியைப் பார்க்க மாட்டார், அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தன் மூச்சைக் கண்ணால் கண்டது அவருக்கு அதுவே முதல் தடவை. பெரிதாக ஒன்றுமில்லை என்று தோன்றியதாம்.

விட்ட காற்றை உடம்பு இரண்டு கிழமையில் குடித்துவிடும். அதனால் ஒன்றுவிட்டொரு செவ்வாய்க்கிழமை போய் மறுபடியும் காற்றுப் போட வேண்டும். இரண்டு மாதம் வார்ட்டில் கிடந்துவிட்டு வீடு வந்தபின், போக இருபத்தைந்து மைல் வர இருபத்தைந்து மைலாகக் கல் தெரியும் பாதையில் அந்த பஸ் பயணம் தொடங்கியது.

"காக்கா, இண்டைக்கு முன் சில்லுக்கா பின் சில்லுக்கா காத்து?" பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சீனித்தம்பி ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"ரியூப்பே மாத்தணுமாம்" என்பார் இபுறாலெவ்வை. முதல் தடவை சிரித்துக்கொண்டு சொன்னார். ஐந்தாம் தடவைக்குப் பிறகு பதிலைச் சொல்லச் செலவாகும் மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டு கையை மட்டும் காட்டினார்.

பாதி நெஞ்சோடு வாழ்வது வலி நிறைந்த காரியம் அல்ல. அலுப்பு நிறைந்த காரியம். வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு முந்நூறு காலடி தூரம். அதில் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே! முதலாவது இடத்தில் சாரனை அவிழ்த்துக் கட்டினார். இரண்டாவது இடத்தில் வானத்தைப் பார்த்தார். மூன்றாவது இடத்தில் வேலியோரம் ஓர் ஆடு கட்டியிருக்கும், "இது ஆருட ஆடு?" என்று கேட்டார். நாள்தோறும் கேட்டார். ஆட்டுக்காரரும் நாள்தோறும், "நம்மடதான் காக்கா" என்றார்.

வீடு சபியா உம்மாவுடையது. எங்கள் பக்கத்தில் வீடுகள் பெண்களுடையவை. ஆண்கள் போய் இருப்பவர்கள். கிணற்றடிப் பக்கம் கூரையை இறக்கிக் கட்டிய ஒத்தாப்பில் அவருக்குப் பாய் விழுந்தது. நீலக்கரை போட்ட ஒரு மங்குக் கோப்பை அவருக்கென்று ஒதுங்கியது. மகள் சுல்பிகா அதைத் தொடக்கூடாது என்பது வீட்டின் சட்டம். ஊரின் சட்டத்தை யாரும் வாயால் சொல்லவில்லை. ஒருவரும் அவரை வேலையிலிருந்து நிறுத்தவுமில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சபியா உம்மாவின் தம்பி கலந்தர், பத்து வருடமாக அவருக்கு விறகு தள்ளியவன், கிடாரத்தை ஏற்றுக்கொண்டான். கலந்தருக்கு எல்லாம் தெரியும், உப்பைத் தவிர.

இபுறாலெவ்வைக்கு மருந்து கசக்கவில்லை, ஊசி குத்தவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது: இந்த ஊர் இனி என் கையால் தின்னுமா?

அடுத்த வருடம் நோன்பு மே மாத நடுவில் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் கச்சிமுகம்மது மரைக்காரிடம் போனார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்களில் மூத்தவர். எவருடைய மனமும் நோகாமல் 'இல்லை' சொல்லத் தெரிந்தவர். பெருநாள் கழிந்து வரும் வியாழக்கிழமை அவருடைய மகளுக்குக் கலியாணம். அறுபது சஹன் வைக்கிற கலியாணம். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர். மரைக்கார் வீட்டில் அவருடைய சோறு பரிமாறப்பட்டுவிட்டால் பிறகு எந்த வீடும் யோசிக்காது.

"கிடாரம் ஆருக்கு, மரைக்கார்?"

"உனக்கில்லாம ஆருக்குடா? ஆனா உடம்பு..."

"உடம்பு சுகம்."

"சுகமெண்டா நமக்குச் சந்தோசந்தானே. நோம்பு வருது. முப்பதையும் பிடி பாப்பம். முப்பதும் பிடிச்ச மனிசன் ஆக்கின சோத்த ஆரு வேணாங்கிறது?"

நோயாளி நோன்பு பிடிக்க மாட்டான், விஷயம் நோகாமல் முடிந்தது என்று மரைக்கார் நினைத்தார். இபுறாலெவ்வையோ கையில் ஒப்பந்தம் கிடைத்தவரைப் போல வீட்டுக்கு நடந்தார். வழியில் மூன்று இடத்தில் நின்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த மாதத்தில் அவருக்குக் காற்றுப் போடும் செவ்வாய்கள் இரண்டு வரும். ஊசி போடுவது பகலில்தான். காற்று உடம்புக்குள் போனால் நோன்பு முறியுமா? இந்தக் கேள்வி அதுவரை எங்கள் கரையில் யாருக்கும் வந்ததில்லை.

முதலில், இந்தியாவில் ஓதிவிட்டு வந்திருந்த இளம் ஆலிமிடம் போனார்.

"நோயாளிக்கு நோம்பு கட்டாயமில்லயே காக்கா. சுகமான பொறகு விட்டதப் பிடிச்சுக் கழாச் செய்யலாம்."

"அது தெரியும். நான் கேக்கிறது காத்த."

"காத்து ஒரு பொருளா? பகல் முழுக்க நாமெல்லாம் அதத்தானே உள்ளுக்கு இழுக்கிறம். முறியாது. பயப்படாமப் போய் ஊசியப் போடுங்க. நோம்பையும் விடுங்க."

பிறகு பள்ளிவாசலில் தொழுவிக்கும் பெரிய லெவ்வையிடம் போனார். 

"மூக்கால போறது அல்லாஹ் விட்ட காத்து. போத்தலால போறது டாக்குத்தர் விட்ட காத்து. ரெண்டும் ஒண்டெண்டு சொல்ல எனக்குத் தைரியமில்ல. புகை முறிக்கும் எண்டு கிதாபில இருக்கு. போத்தல் காத்தப் பத்தி ஒண்டுமில்ல. எனக்கு ஐயம். உனக்கு எதுக்கு இந்த வில்லங்கம்? நீ நோயாளி. நோம்ப விட்டுட்டு ஊசியப் போடு."

எதிலும் ஒத்துப்போகாத அந்த இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அது அவர் கேட்காத விஷயம். மார்க்கம் நோயாளிக்குத் தந்த சலுகையை அவரால் எடுக்க முடியாது. எடுத்தால் அவர் நோயாளி. 'முறியாது' ஒன்றும் 'ஐயம்' ஒன்றுமாக இரண்டு பதில்களைத் தூக்கிக்கொண்டு வந்து ஒத்தாப்பில் வைத்துப் பார்த்தார். முப்பது நோன்பில் ஐயம் இரண்டு இருந்தால் அது இருபத்தெட்டு. மரைக்காருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் பெரிய லெவ்வை. ஆகவே இபுறாலெவ்வை ஊசியை விட்டார். ஒரு மாதம்தானே.

"டாக்குத்தர் லீவில போறாராம்" என்றார் மனைவியிடம். பொய் சொன்னால் நோன்பின் நன்மை போய்விடுமா என்று அவர் எவரிடமும் கேட்கவில்லை.

கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலை அள்ளிக்கொண்டு வந்து வீசிய மாதம் அது. முதல் பத்து நாள் ஒத்தாப்புக்குள் ஈரத் துவாயை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடந்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சபியா உம்மா வாசலில் நின்று பார்ப்பார்.

"இஞ்சாருங்க, ஆருக்குக் காட்ட இந்த நோம்பு? அல்லாஹ்வுக்கா, கச்சிமுகம்மது காக்காக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"அல்லாஹ் வேணாமெண்டுட்டான். மற்ற ஆள் கேட்டதுமில்ல. நல்லாயிருக்கு."

பன்னிரண்டாம் நோன்புக்குப் பிறகு அதிசயம் நடந்தது. மூச்சு இலேசானது. பள்ளிக்குப் போகும் வழியில் சாரனை அவிழ்த்துக் கட்டும் தேவை இல்லாமல் போனது. பிறகு வானத்தைப் பார்க்கும் தேவையும் போனது. பதினெட்டாம் நோன்பன்று வீட்டிலிருந்து பள்ளி வரை நிற்காமல் நடந்தார். யாருடைய ஆடு என்று கேட்கவில்லை. ஆட்டுக்காரருக்கே அன்று ஒரு மாதிரியாக இருந்ததாம்.

நடந்தது அதிசயமல்ல. உடம்பு பழைய காற்றைக் குடித்து முடித்துவிட்டது. புதிய காற்று வரவில்லை. அமுக்க ஆளில்லாததால் படுத்திருந்த நுரையீரல் எழுந்து வேலைக்கு வந்துவிட்டது, ஆறாத ஓட்டையோடு. வைத்தியம் கெட்டுப்போவது சுகம் வருவதைப் போலவே இருக்கும் என்று டொக்டரும் சொல்லியிருக்கவில்லை. எந்த டொக்டர்தான் அதைச் சொல்வார்? ஊர் பார்த்தது. மட்டக்களப்பு எட்டு மாதத்தில் செய்யாததை நோன்பு பதினெட்டு நாளில் செய்துவிட்டது என்று பேசிக்கொண்டது. இரவு இஷாவுக்குப் பிறகு தராவீஹ் தொழுகையில் தோளோடு தோளாக அவருக்குப் பக்கத்தில் நிற்க இடம் பிடித்தார்கள். அவர் மெல்ல இருமினார். வறட்டுத் தொண்டை, நோன்பு, கச்சான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

முப்பதும் முடிந்தது. பெருநாள் தொழுகை கழிந்து மரைக்கார் எல்லோரும் பார்க்க அவரைக் கட்டித் தழுவினார். "வியாழக்கிழம கிடாரம் உனக்கு. அறுபது சஹன். அரிசி வரிப்பத்தான்சேனையில இருந்து வந்து இறங்கிட்டுது."

சபியா உம்மாவுக்கு மட்டும் அந்தச் சந்தோசம் முழுதாக ஒட்டவில்லை. டொக்டரின் லீவு இரண்டு செவ்வாய்க்கு நீண்டதில் அவருக்கு ஐயம். கலியாணத்துக்கு முந்தின செவ்வாய் காலையில் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "மட்டக்களப்புக்குப் போய்ட்டு வந்து ஆக்குங்க. இல்லாட்டி நானே போய் மரைக்காரிட்டச் சொல்லுவன்" என்றார். இபுறாலெவ்வை மறுக்கவில்லை. சுகத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்ற எண்ணத்தோடுதான் பஸ் ஏறினார். சீனித்தம்பிக்குக்கூட அன்று சிரித்துக்கொண்டு பதில் சொன்னார்.

டொக்டர் செபரட்ணம் இருட்டறையில் நெஞ்சைக் காட்டும் எக்ஸ்ரே திரைக்குப் பின்னால் அவரை நிறுத்திப் பார்த்தார். கட்டிலில் படுக்கச் சொன்னார். ஊசியை இறக்கினார். எடுத்து வேறோர் இடத்தில் இறக்கினார். இபுறாலெவ்வை வழக்கம்போலக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். மூச்சை இழுத்தார், விட்டார். தண்ணீர் அசையவில்லை.

"அஞ்சு கிழமையா எங்க போனீங்க?"

"நோம்பு, ஐயா."

"நோயாளிக்கு நோம்பு இருக்கா? எனக்குத் தெரியாது, கேக்கிறன்."

"இல்லதான். ரெண்டு பேரிட்டக் கேட்டன். ரெண்டு பேரும் இல்ல எண்டுதான் சொன்னாங்க."

டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "மூடிட்டுது."

"ஓட்டையா, ஐயா?"

"இல்ல. ஓட்டைய மூடுறதுக்கு நான் வெச்சிருந்த இடம். நுரையீரல் எழும்பி நெஞ்சோட ஒட்டிட்டுது. இனி அதுக்குள்ள காத்து விட ஏலா. எட்டு மாசமா நான் படுக்க வெச்சத முப்பது நாளில எழுப்பிட்டீங்க."

சளியை எடுத்துக்கொண்டு போன தாதி றோசா மிஸி பின்னேரம் ஒரு கடதாசித் துண்டோடு வந்து டொக்டரிடம் நீட்டினாள். கிருமி இருந்தது. டொக்டர் குரலை உயர்த்தவில்லை. புதிய ஊசி மருந்து வந்திருக்கிறது, மாதக்கணக்கில் வார்ட்டில் கிடக்க வேண்டும், இன்றைக்கே படுங்கள் என்றார்.

"வெள்ளிக்கிழம வாறன், ஐயா. வியாழன் ஒரு கலியாணத்துக்கு ஆக்கணும்." பிறகு, கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார். "நான் ஆக்கின சோத்தத் தின்னா, வருமா?"

"கொதிச்ச சோத்தால ஒண்டும் வராது. நெருப்புல எது மிஞ்சும்? நீங்க இருமுற இடத்தில நிண்டாத்தான் வரும். கிட்ட நிக்கிறவனுக்கு, அடைச்ச இடத்தில, கனநாள் நிண்டா."

பஸ்ஸில் ஜன்னலோரம் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, வாயில் துவாயை வைத்துக்கொண்டு வந்தார். எட்டு மாதம் ஊர் அவருடைய சோற்றுக்குப் பயந்தது. சோற்றில் ஒன்றுமில்லை. முப்பது இரவு அவருடைய தோளோடு தோள் முட்டி நின்றது. பயந்திருக்க வேண்டியது அதற்குத்தான். ஊருக்குப் பயப்படவும் ஒழுங்காகத் தெரியவில்லை, அவருக்குத் தைரியமாக இருக்கவும் தெரியவில்லை. இதை யாரிடம் சொல்வது? சொல்லத்தான் வேண்டியிருந்தது.

வியாழன் காலை மரைக்கார் வீட்டு வளவில் நான்கு கிடாரங்கள் வரிசையாக நின்றன. கலந்தர் சோறு கிண்டும் துடுப்பைத் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினான். "பிடிங்க மச்சான். எனக்கு இனி விறகு போதும்."

இபுறாலெவ்வை கிட்டப் போகவில்லை. பத்துக் காலடிக்கு அப்பால் நின்றுகொண்டு, துவாயைக் கொஞ்சம் விலக்கி, "மரைக்கார், எனக்கு ஏலா. நெஞ்சில இன்னும் இருக்கு. டாக்குத்தர் பாத்திட்டார்" என்றார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"என்னடா கதைக்கிற? முப்பது நோம்பும் பிடிச்ச ஆள் நீ!"

"பிடிச்சன். அதாலதான்."

மரைக்காருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சுருங்கிவிட்டது. "நான் அத ஒரு பேச்சுக்கெல்லோடா சொன்னன்."

"நான் பேச்சுக்குக் கேக்கல்ல, மரைக்கார்."

 அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அறுபது சஹனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இபுறாலெவ்வை வளவின் கடற்பக்கத்து மூலையில், நாற்பது காலடிக்கு அப்பால், ஒரு தென்னை அடியில் போய்க் குந்தினார். காற்று மேற்கிலிருந்து வீசியது. அங்கே இருந்தால் அவருடைய இருமல் யார் பக்கமும் போகாது. புகை முழுவதும் அவர் பக்கம் வரும். நோய்க்கு ஆகாத இடம், ஊருக்கு ஆகிற இடம். புகையின் மணத்திலேயே எந்த அடுப்பில் சூடு கூடிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. கையைத் தாழ்த்தினால் விறகை இழு. சுழற்றினால் கிண்டு. பத்து வருடம் கூட நின்ற கலந்தருக்கு அந்தக் கை விளங்கியது. கறி கொதித்ததும் சபியா உம்மா நீலக்கரைக் கோப்பையைக் கொண்டுவந்து மண்ணில் வைத்துவிட்டு விலகினார். கலந்தர் ஓடி வந்து அகப்பையை எட்ட நின்று கவிழ்த்தான். இபுறாலெவ்வை நாக்கில் வைத்தார். இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு கைப்பிடி உப்பு.

அன்றைய சோற்றை ஊர் ஒரு வருடம் பேசியது. கலந்தர் ஒருவாறு தேறிவிட்டான் என்றும் சொன்னது. சஹன்களைச் சுற்றி ஆறு ஆறு பேராகத் தலைகள் குனிந்தபோது, தென்னை அடியில் அவர் தன் கோப்பையில் தனியே தின்றார். பாதியில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மட்டக்களப்புக்குப் போனார்.

எட்டு மாதம். ஊசிகள், குடலைப் புரட்டும் வெள்ளைத் தூள், மறுபடியும் ஊசிகள். இடுப்புக்குக் கீழே குத்த இடமில்லாமல் போனது. அந்த எட்டு மாதத்தைச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் அதில் சொல்ல வேண்டியது. பக்கத்துக் கட்டிலில் பாண்டிருப்புக் கனகரெத்தினம், வயல் செய்கிறவர். "இண்டைக்கு என்ன ஆக்குவம் காக்கா?" என்று தினமும் பின்னேரம் கேட்பார். இபுறாலெவ்வை மெல்லச் சொல்லிக்கொண்டே போவார்: இத்தனை தேங்காய், இத்தனை இஞ்சி, இந்த நேரத்தில் ரம்பை இலை. கனகரெத்தினம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் குறைவு" என்பார். டிசம்பரில் அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்தார். அவரும் நல்ல மனிதர்தான். இபுறாலெவ்வை அவருக்கு ஒன்றும் ஆக்கிக் கொடுக்கவில்லை.

ஐம்பத்திநான்கு பெப்ரவரியில், கிருமி இல்லை என்று எழுதிய மூன்று துண்டுகளோடு வீடு வந்தார். இம்முறை உண்மையான சுகம். அது சுகத்தைப் போலத் தோன்றவில்லை. இடப்பக்கம் இறுகிப்போய்க் கிடந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் மறுபடியும் நிற்க வேண்டியிருந்தது, ஆட்டைப் பற்றிக் கேட்க மனம் வரவில்லை. துண்டுகளை மரைக்கார் வாங்கிப் பார்த்தார். இங்கிலீசில் இருந்தது. தலையாட்டினார். ஒருவரும் சமைக்கக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்கு ஊரிடம் நியாயமும் இருந்தது: போன வருடம் சுகம் என்று சொன்ன அதே வாய்தானே?

மே மாதம் நோன்பு வந்தது. இன்னும் ஒரு வருடம் சாப்பாட்டோடு சேர்த்து நாளுக்கு மூன்று வேளை மருந்து, நோன்பு கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இபுறாலெவ்வை கேட்டு நடந்தார். ஒத்தாப்பின் தட்டியைச் சாத்திக்கொண்டு, ஊர் முழுவதும் பசித்திருக்கிற பகலில், வெட்கத்தோடு சோறு தின்றார். நோயோடு நோன்பு பிடித்தபோது ஊர் அவருக்கு இடம் கொடுத்தது. சுகத்தோடு நோன்பில்லாமல் இருந்தபோது, "இன்னும் ஆகல்ல போல" என்றது.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கலந்தர் ஆக்கினான். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது, உப்புப் பார்க்கலாம் என்று ஆலிம் சொன்னார். கலந்தர் கேட்கவில்லை. மச்சானுக்கு வந்ததைக் கண்ட பிறகு, நோன்பு விஷயத்தில் ஐயமான எதையும் அவன் கிட்டச் சேர்ப்பதில்லை. ஒரு நாள் கஞ்சி கடல் தண்ணீராக இருந்தது. மறுநாள் மழைத் தண்ணீர். பகல் முழுவதும் பட்டினி கிடந்த ஊர் அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பொறுமையின் நன்மையைப் பற்றிப் பேசிப் பார்த்தது. ஏழாம் நோன்பன்று பொறுமை முடிந்தது.

எட்டாம் நாள் நடுப்பகல் ளுஹர் தொழுகை கழிந்து கச்சிமுகம்மது மரைக்கார் ஒத்தாப்பின் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இபுறாலெவ்வை வாயில் சோற்றோடு அப்படியே உறைந்து, கோப்பையை முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

"மறைக்காத. தின்னு. மருந்தையும் போடு." மரைக்கார் வாசலில் குந்தினார்.  "இந்த ஊரில பகலையில உப்புப் பாக்கக்கூடிய ஆம்பிளை நீ ஒருத்தன்தான்டா. தின்னு முடிச்சிட்டு வா."

"என்ட கையால குடிப்பாங்களா?"

"கலந்தர்ட கையால ஏழு நாள் குடிச்சிட்டாங்க. இனி எதையும் குடிப்பாங்க."

பள்ளிவாசல் வளவில் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊதுகுழலைக் கலந்தர் பிடித்தான். ஊதுகிற நெஞ்சு இபுறாலெவ்வையிடம் இனி இல்லை. பச்சரிசி குழைந்தது, தேங்காய்ப் பால் விழுந்தது, உள்ளியும் வெந்தயமும் மணத்தன. உப்புப் பார்க்க வேண்டிய நேரம் வந்தது. சிரட்டை அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஆற்றிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று விழுங்கினார். அவ்வளவு பேரின் பசிக்கு முன்னால் ஒரு மிடறு விழுங்குவது, நெஞ்சுக்குள் ஊசி இறங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று பிறகு சபியா உம்மாவிடம் சொன்னாராம். கால் கைப்பிடி உப்புப் போட்டார். இன்னொரு மிடறு. போதும்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது. கோப்பைகள் வாய்க்குப் போயின.  பெரிய லெவ்வை கோப்பையை வழித்துக் குடித்துவிட்டு, இரண்டாம் தடவைக்கு நீட்டினார். அவருக்குப் பின்னால் மரைக்கார் நீட்டினார். பிறகு கைகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. அகப்பை கிடாரத்தின் அடியைச் சுரண்டும் வரையில் இபுறாலெவ்வை ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஊர் முழுவதும் அவர் கையால் நோன்பு திறந்தது. அவருக்குத் திறக்க நோன்பு இருக்கவில்லை. பசியும் இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேலியோரம் நின்றார். இடது கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வந்து சேரும் வரைக்கும் ஆட்டைப் பார்த்தார்.

"இது ஆருட ஆடு?"

ஆட்டுக்காரர் கஞ்சிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். "அந்த ஆடு ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்குப் போயிட்டுது காக்கா. இது அதுட குட்டி" என்றவர், "நில்லுங்க, ஆறுதலா நில்லுங்க" என்றார்.